பரம்பரைக்குக் கண்டிஷன் கிடையாது

1

“பூனைய யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களாண்ணே?”

போன வாரம் என் தம்பி தொலைபேசியில் கேட்டான். நான் அனுப்பியிருந்த பழைய படத்தில் ஒரு பூனை சோபாவில் படுத்திருந்தது. உருண்டை முகம், சாம்பல் நிறம். இரண்டு காதுகளும் முன்பக்கம் மடிந்து தலையோடு ஒட்டிக் கிடக்கும். தொப்பி போட்ட ஆந்தை மாதிரி இருக்கும். நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்காரர்களின் பூனை அது.

“வாங்குவாங்கடா. மூவாயிரத்து இருநூறு வெள்ளி.”

“நம்ம காசுக்கு?”

“ரெண்டு லட்சத்துக்கு மேல வரும்.”

 பிறகு நிதானமாகக் கேட்டான்: “பால் குடுக்குமா?”

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி என் மேல் விழ வேண்டும். பூனையை வாங்கிய அன்று விற்பனை ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொன்னவன் நான். இப்போது அந்தப் பூனை நொண்டுகிறது.

2

சிங்கப்பூரின் மார்சிலிங் பகுதியில், வீவக எனும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடொன்றில் எனக்கு ஓர் அறை. வீட்டுக்காரர் குமரன் அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் மனைவி சரோஜா அக்கா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் கடை நடத்துகிறார். ஒரே மகள் தர்ஷினி உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். மூவரும் இங்கேயே பிறந்தவர்கள். தர்ஷினி என்னை அண்ணா என்பாள். அவள் அம்மாவை நான் அக்கா என்கிறேன், அப்படிப் பார்த்தால் நான் அவளுக்கு மாமா. இதை ஒருமுறை சொன்னேன். “மாமான்னா ஓல்ட் லா” என்று இந்த ஊர் ‘லா’ போட்டு முடித்துவிட்டாள்.

அந்த வீட்டில் எனக்கு அறை மட்டுமில்லை, ஒரு பதவியும் உண்டு. ‘படிச்ச தம்பி.’ அக்காவுக்கு ஆங்கிலம் வாய்க்கு வரும், கண்ணுக்கு வராது. அண்ணனுக்குச் சின்ன எழுத்து ஆகாது. தர்ஷினிக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தனக்கு வேண்டியதை மட்டும் படித்துச் சொல்வாள் என்று பெற்றவர்களுக்கு அனுபவம். ஆகவே நகர மன்றக் கடிதமோ காப்புறுதிக் கடிதமோ எது வந்தாலும் என் மேசைக்கு வரும். குளிரூட்டிகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் மேற்பார்வையாளன், அவ்வளவுதான். ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் அக்கா என்னை “எஞ்சினியர் தம்பி” என்றுதான் அறிமுகப்படுத்துவார். நானும் மறுத்ததில்லை.

வீவக வீடுகளில் முன்பெல்லாம் பூனை வளர்க்கக் கூடாது. பிறகு விதி மாறி, உரிமம் எடுத்து வளர்க்கலாம் என்றானது. அன்றிலிருந்து தர்ஷினி வாயைத் திறந்தால் பூனைதான். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏற்கெனவே ஒரு வரிப்பூனை இருந்தது. அதன் ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும், கருத்தடை செய்தாயிற்று என்பதற்கு அடையாளம். தர்ஷினி பள்ளிவிட்டு வந்ததும் அது அவள் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதையே மேலே கொண்டு வரலாமா என்று கேட்டாள்.

அக்கா முகத்தைச் சுளித்தார். “கீழ கெடக்குறது என்ன ஜாதியோ, எங்கெங்க பொரண்டுச்சோ. பொங்கோல்ல உங்கத்த வீட்டுல நீலக் கண்ணு வெச்சிக்கிட்டு ஒண்ணு உக்காந்திருக்கு. நம்ம வீட்டுல தெருப்பூனையா? வாங்குறதுன்னா நல்ல ஜாதிப் பூனையா வாங்குவோம்.”

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் சாதி என்ன என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. “இங்க அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க தம்பி” என்று நான் வந்த முதல் வாரமே பெருமையாகச் சொன்னார். உண்மைதான். மனிதரிடம் கேட்கக் கூசுகிற கேள்வியை ஒரு பூனையிடம் வாய் நிறையக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள இங்கே வழியிருக்கிறது.

3

முதலில் உரிமம். பூனை வைத்திருக்க விரும்புகிறவர் இணையத்தில் ஒரு பாடத்தைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் பெயரில் விண்ணப்பம், பதில் சொன்னது நான். ஜன்னல்களுக்கு வலை அடிக்க வேண்டும், பூனையின் தோலுக்கடியில் அரிசி அளவு சில்லு ஒன்றைப் புதைத்து எண்ணைப் பதிய வேண்டும். “உனக்குக் கார்டு, அதுக்குச் சில்லு” என்றார் அண்ணன், என் வேலை அனுமதி அட்டையைப் பார்த்து. “அதையாச்சும் எங்கயும் மறந்து வெச்சிட்டு வர முடியாது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். முதலில் லிட்டில் இந்தியாவுக்கு. வரப்போகும் பூனைக்கு வெள்ளியில் ஒரு மணி வாங்க வேண்டுமாம். சிராங்கூன் சாலை நகைக்கடையில் அந்தக் குண்டுமணி அளவு மணிக்கு அக்கா கால்மணி நேரம் முத்திரை பார்த்தார், உரசிப் பார்த்தார், எடை போடச் சொன்னார், இன்னொரு தராசில் மறுபடி போடச் சொன்னார். கடைக்காரர் பொறுமையிழந்து, “அக்கா, இது கல்யாண நகையா?” என்று கேட்கும் வரை விடவில்லை. வெள்ளி விஷயத்தில் அவ்வளவு உஷார்.

பூனை விற்கும் இடம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காவது மாடி. கடை என்று சொல்லக் கூடாதாம், ‘கேட்டரி’. செருப்பைக் கழற்றி, கையில் மருந்து தேய்த்துக்கொண்டு உள்ளே போனால் குளிரூட்டி, மெல்லிய பியானோ இசை, சுவர் முழுக்கக் கண்ணாடி அறைகள். என் வேலைத்தள ஆட்கள் தங்குகிற விடுதியில் இத்தனை காற்று கிடையாது. ஏப்ரன் கட்டிய சீனப் பெண் ஒருத்தி புன்னகையோடு ஒரு குட்டியைக் கொண்டு வந்து மெத்தையில் வைத்தாள். ஸ்காட்டிஷ் ஃபோல்ட் என்ற இனம். மடிந்த காது. தர்ஷினி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் எதுவும் அவள் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது.

நாங்கள் இருந்த முக்கால் மணி நேரமும் குட்டி மெத்தையை விட்டு இறங்கவில்லை. “வெரி காம்” என்றாள் அந்தப் பெண். சாதுவாம்.

அக்கா விலையைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “செய்கூலி, சேதாரம் எல்லாம் சேத்துத்தானான்னு கேளுங்க தம்பி.”

“ம்மா! எம்பாரசிங் லா!” என்றது மெத்தையோரத்துக் குரல்.

எல்லாம் சேர்த்துத்தான். ஒப்பந்தம் ஆறு பக்கம் வந்தது. “தம்பி எஞ்சினியரு. மொத்தமும் படிச்சிடுவாரு” என்று அக்கா அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் அறிவித்தார். எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தடுப்பூசி போட்டாயிற்று. பத்து நாளுக்குள் தொற்றுநோய் வந்தால் அவர்கள் பொறுப்பு. ஒரு வருடத்துக்குள் குறை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளலாம். நான்காவது பக்கத்தில் தனியாக ஒரு வரி: ‘ஹெரிடிட்டரி கண்டிஷன்ஸ் நாட் இன்க்ளூடட்.’

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். ஹெரிடிட்டரி என்றால் பரம்பரை, அது தெரியும். கண்டிஷன் என்பதை அகராதியில் பார்க்கத் தேவையே இருந்ததில்லை, நம் ஊர்ப் பேச்சில் அது தமிழ்ச் சொல் மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் கண்டிஷன் போடுவார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர் கண்டிஷன் போடுவார். நிபந்தனை, அவ்வளவுதான். நாட் இன்க்ளூடட் என்றால் சேர்க்கப்படவில்லை. ஆக, பரம்பரை நிபந்தனைகள் எதுவும் சேர்க்கப்படவில்லை.

“பரம்பரைக்குக் கண்டிஷன் எதுவும் கிடையாதுக்கா” என்றேன்.

“பாத்தீங்களா!” அக்கா அண்ணன் தோளில் தட்டினார். “பரம்பரைக்குக் கண்டிஷனே இல்லையாம். அப்ப ஒரிஜினல்தான்.”

இல்லாத ஒன்றை ஏன் எழுதி வைக்கிறார்கள் என்று ஒரு கணம் எனக்கு உறுத்தியது. எதிரே அந்தப் பெண் நின்றிருந்தாள். கேட்டிருந்தால் பத்து நொடியில் சொல்லியிருப்பாள், சொல்லாமல் மழுப்பியிருந்தாலும் முகத்திலிருந்து தெரிந்திருக்கும். ஆனால் எஞ்சினியர் தம்பிக்கு ஒரு வரி புரியவில்லை என்று யார் ஒத்துக்கொள்வது? பக்கத்தைத் திருப்பினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

4

வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்துத்தான் குட்டியை உள்ளே விட்டார்கள். தர்ஷினி வைத்த பெயர் மோச்சி. ஏதோ ஜப்பான் பலகாரமாம். அண்ணன் வாயில் அது அன்றே மொச்சை ஆகிவிட்டது. அக்கா கொஞ்சும்போது மொச்சக்கொட்டை. “இட்ஸ் மோச்சி!” என்று தர்ஷினி கத்துவாள், பூனை மொச்சைக்குத்தான் திரும்பும்.

பூனையோடு ஒரு சான்றிதழும் வந்தது. தங்க நிற ஓரம் போட்ட தடித்த காகிதம். அதில் மொச்சையின் அப்பா, அம்மா, அவர்களின் அப்பா, அம்மா என்று நான்கு தலைமுறைப் பெயர்கள் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். சில பெயர்களுக்கு முன்னால் ‘சாம்பியன்’, சில பெயர்கள் இரண்டு மூன்று கிளைகளில் திரும்ப வரும். ஒரு பாட்டன் பெயர் வெல்வெட் தண்டர். அக்கா அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். விருந்தாளிகள் வந்தால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். வெல்வெட் தண்டருக்குப் போட்டியில் என்ன பரிசு என்று கேட்டார் பொங்கோல் நாத்தனார். எனக்கு எப்படித் தெரியும்? “முதல் பரிசு” என்று சொல்லி வைத்தேன். அந்த வீட்டில் என் வேலை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

என்னிடமும் ஒரு சான்றிதழ் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று பெயர். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவனுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும், அதற்காக வாங்குவது. அப்பா வேலைக்குப் போகாமல் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் வந்து நின்றார். அலுவலர் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். நீ படிச்சிருக்கியா? இல்லைங்க. சம்சாரம்? இல்லைங்க. உங்கப்பா? இல்லைங்க. உங்கம்மா? இல்லைங்க. மாமனார்? இல்லைங்க. மாமியார்? அவங்களும் இல்லைங்க. கேட்டவருக்கும் சலிப்பு இல்லை, சொன்னவருக்கும் வெட்கம் இல்லை. அப்பாவின் பின்னால் நின்ற எனக்குத்தான் காது சுட்டது. வெல்வெட் தண்டரின் பேத்திக்குக் கிடைத்தது, தனக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி. எனக்குக் கிடைத்தது, எனக்கு முன்னால் யாருமே இல்லை என்பதற்கு. அதிலும் வட்டாட்சியர் முத்திரை உண்டு.

இதையெல்லாம் பெரிய ஞானம் போல எழுதுகிறேனே தவிர, நானும் சும்மா இருந்தவன் இல்லை. இங்கே வேலை கிடைத்த பிறகு ஊரில் கல்யாணத் தரகர் எனக்கு ஒரு தாள் தயாரித்திருக்கிறார். பெயர், பூர்வீகம், படிப்பு, ‘சிங்கப்பூர் மாப்பிள்ளை’. அம்மா படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பூரித்தார். நானும் தடுக்கவில்லை. தங்க ஓரம் மட்டும்தான் பாக்கி.

5

வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆனபோது மொச்சை சோபாவில் ஏறுவதை நிறுத்தியது. கீழே நின்று மேலே பார்க்கும். முன்கால் இரண்டையும் விளிம்பில் வைக்கும். பிறகு எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்ளும்.

“கொழுப்பு” என்றார் அக்கா. “வெயிட் போட்டிருச்சு” என்றார் அண்ணன். தர்ஷினி மட்டும் இரண்டு நாள் அதன் நடையைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். பிறகு எங்கள் மூவரையும் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினாள். பின்னங்கால்கள் மடங்காமல் குச்சி குச்சியாக விழுந்தன. கேட்டரியில் மெத்தையை விட்டு இறங்காத அந்தச் ‘சாது’க் குணத்துக்குக் காரணமும் இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விலங்கு மருத்துவர் இளவயதுப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் வைத்துக் கணுக்காலைக் காட்டினார். எலும்பு முண்டும் முடிச்சுமாகத் திரண்டிருந்தது. காது ஏன் மடிகிறது என்று விளக்கினார். காதிலிருக்கும் குருத்தெலும்பு பிறவியிலேயே பழுது, அதனால் நிமிர முடியாமல் மடிகிறது. குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கால், வால், எல்லா மூட்டிலும் இருக்கிறது. மடிந்த காது உள்ள ஒவ்வொரு பூனைக்கும் இது உண்டு, கூடக் குறைய. குணமாகாது. வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வரி சொன்னார்: “இட்ஸ் எ ஹெரிடிட்டரி கண்டிஷன்.”

தர்ஷினி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, அந்தப் பேப்பர்ல இதே வேர்ட் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க அம்மாகிட்ட?”

“கண்டிஷன் எதுவும் கிடையாதுன்னு.”

“அண்ணா! கண்டிஷன்னா சிக்னஸ் லா!”

பரம்பரை நோய்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை. அந்த வரி சொன்னது அதைத்தான். இதுதான் வரப்போகிறது என்று தெரிந்து, அதற்கு மட்டும் பொறுப்பில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி, பியானோ போட்டு விற்றிருக்கிறார்கள். நான் அதைப் பெருமையாகத் தமிழ்ப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். பழுதான எலும்பைக் காட்டி அழகு என்று பெயர் வைத்து விலை சொல்பவர்களை என்ன சொல்வது? அந்த அழகுக்காக அப்பனையும் மகளையும், அண்ணனையும் தங்கையையும் சேர்த்துச் சேர்த்து நான்கு தலைமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். சுத்தம், சுத்தம் என்று சொல்லிச் சொல்லிச் செய்த வேலை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் என் தப்பைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நீங்க படிச்சவருன்னுதானே தம்பி குடுத்தோம்” என்றார். காலையில் கதவைத் தட்டி “தம்பி, காப்பி” என்பார். அடுத்த மூன்று நாள் அந்தச் சத்தம் இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஆடு வளர்த்து விற்கிறவர். பூனை விலையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. எலும்பைப் பற்றிச் சொன்னபோது உச்சுக் கொட்டினார். சந்தையில் ஓர் ஆட்டை வாங்குவதற்கு முன் பல்லைப் பிடித்துப் பார்த்து, கயிற்றை விட்டுப் பத்தடி நடக்க விடுவார், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது அதற்கப்புறம்தான். இதை நூறு தடவை பார்த்து வளர்ந்தவன் நான்.

“வாங்குறப்ப கீழ எறக்கி நடக்க விட்டுப் பாத்தியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. பேப்பரப் படிச்சிக்கிட்டிருந்தேன்.”

“ஓ” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

6

திருப்பிக் கொடுக்கும் பேச்சை எடுத்தவர் குமரன் அண்ணன். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் இருக்கிறது, இன்னும் சில மாதங்கள் பாக்கி. மாதா மாதம் ஊசி, வருடத்துக்கு நாலு எக்ஸ்ரே, இது எங்கே போய் நிற்கும்?

“நோயிக்குப் பொறுப்பில்லன்னுதான் எழுதியிருக்காங்க. ஆனா மாத்திக் குடுக்க மாட்டோம்னு சொல்லலையே. கேட்டுப் பாரேன் தம்பி.”

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தர்ஷினி மொச்சையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“மாத்துறது ஓகே” என்றாள் திடீரென்று. “பட் மொச்சைய என்ன பண்ணுவாங்க? அத மொதல்ல கேளுங்க.”

அன்றுதான் அவள் முதல்முறையாக அதை மொச்சை என்றாள்.

ஒலிபெருக்கியில் போட்டு அந்தக் கேட்டரிப் பெண்ணை அழைத்தேன். மாற்றிக்கொள்ளலாம், நோ ப்ராப்ளம் என்றாள். நல்ல வாடிக்கையாளர்கள் என்பதால் இந்தச் சலுகையாம். புதுக் குட்டிகள் வந்திருக்கின்றன, இன்னும் அழகான காது. சரி, இந்தப் பூனையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கவலையே வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்றாள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று மறுபடி கேட்டேன். முதல்முறையாக ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன்.

அவள் குரலில் ஒளிவுமறைவே இல்லை. காது ரொம்ப நன்றாக மடிந்திருக்கிறது, அப்பா வழியும் நல்ல வழி. இதை வைத்து இரண்டு மூன்று முறை குட்டி எடுக்கலாம், என்றாள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். “என்ன சொல்றா? கரெக்டா சொல்லுங்க.”

“இத வெச்சுக் குட்டி போட வெப்பாங்களாம்க்கா. காது நல்லா இருக்காம்.”

“நடக்க முடியலன்னுதானே குடுக்கறோம்? நடக்க முடியாதத வெச்சா?”

“ஆமாக்கா.”

“அந்தக் குட்டிங்களுக்கும் இதே கால்தானே வரும்?”

“வரும்.”

“அதையும் விப்பாங்க.”

“விப்பாங்க.”

அக்கா ஈரக் கையோடு என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினார். “ஹலோ, மிஸ். யூ காட் மதர் ஆர் நாட்?”

மறுமுனையில் தடுமாற்றம். “சாரி?”

“யுவர் மதர் லா! கால் ஒடஞ்சா நீ உங்கம்மாவ புள்ளத்தாச்சி ஆக்குவியா?” பாதியிலேயே ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. மீதியை அந்தப் பெண்ணுக்குச் சுத்தத் தமிழில் கொடுத்தார். மீ கோரெங் கடையில் மாணவர்கள் வரிசையை மீறினால் வரும் தமிழ் அது, இங்கே அச்சில் ஏற்ற முடியாது. அண்ணன் ஜன்னலைச் சாத்தினார்.

வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். மருந்துச் செலவை அவரும் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார், நான் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்து, “உங்களுக்கு வேற குட்டி வேணும்னா நீங்க போய் அங்கயே இருந்துக்குங்க” என்றார்.

“நான் என்ன சொன்னேன்? மாத்தலாமான்னுதானே கேட்டேன்” என்றார் அண்ணன். குனிந்து மொச்சையின் தலையைத் தடவினார். “சனிக்கெழம ஓவர்டைம் கேட்டா குடுப்பாங்க.”

தர்ஷினி மடியிலிருந்த பூனையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

7

அந்த வாரமே ஊசி ஆரம்பித்தது. மருத்துவமனை முகப்பில் கூட்டம். எங்களுக்குப் பின்னால் நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். உதவியாளர் ஒரு தாளை நீட்டி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அக்கா அதை வாங்கி, தர்ஷினி இருந்தும், கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம்தான் கொடுத்தார்.

முதல் பத்தி புரிந்தது. இரண்டாவது பத்தியில் ‘ரீனல்’ என்று ஒரு சொல். ரீனல் ஏதோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றதும் அது ‘ரெனியூவல்’ என்று என் மூளை தானாகவே திருத்திக்கொண்டது. வேலை அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து வந்த பழக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கணுமாம்க்கா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வார்த்த எனக்குத் தெரியலக்கா” என்றேன். “கேட்டுச் சொல்றேன்.”

தர்ஷினி எட்டிப் பார்த்தாள். “எனக்கும் தெரியல.”

உதவியாளருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவரைக் கூப்பிட உள்ளே போனார். பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ரீனல் என்றால் சிறுநீரகம். இந்த வலி மருந்து சில பூனைகளுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது, என்றார். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். மூன்றையும் கேட்டுச் சொன்னேன். பதிலில் இன்னொரு சொல் புரியவில்லை, அதற்கும் மருத்துவரை மறுபடி நிறுத்தினேன். பின்னால் நின்ற நாய்க்காரர் சத்தமாகப் பெருமூச்சு விட்டார். அவருடைய நாய்க்கும் பெரிய பரம்பரை இருக்கும், முகத்திலேயே தெரிந்தது.

விடட்டும். நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.